மஞ்சள் கார்னேஷன்

போன மே மாதம் இரண்டாவது ஞாயிறு, அன்னையர் தினம். அதற்கு முந்தின நாள் கோயம்புத்தூரில் ஒரு பூங்கொத்துக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். சிவப்பு என்றால் காதல், வெள்ளை தூய்மை, மஞ்சள் நட்பு என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். அதெல்லாம் ரோஜாவுக்கு. நான் கேட்டது கார்னேஷன்.

அம்மா கோத்தகிரிப் பக்கம் ஒரு பாலிஹவுஸில், அதாவது பிளாஸ்டிக் கூரைக்குள் பூ வளர்க்கும் கொட்டகையில், ஒன்பது வருடம் கார்னேஷன் வேலை பார்த்தவர். பக்க மொட்டு கிள்ளுவது, பூ வெடிக்காமல் இருக்க மொட்டுக்கு ரப்பர் பேண்ட் மாட்டுவது, தரம் பிரித்துக் கட்டுவது. கட்டின பூவெல்லாம் அன்றைக்கே மலை இறங்கிவிடும். வீட்டுக்கு ஒரு தண்டுகூட வந்ததில்லை. இப்போது நான் அந்தப் பூவைக் காசு கொடுத்து வாங்கி, மேட்டுப்பாளையம் வழியாகத் திரும்ப மலைக்கே ஏற்றிக்கொண்டு போகிறேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தார்.

கடைக்காரர் முதலில் வெள்ளையைத்தான் எடுத்துக் கொடுத்தார். வேண்டாம் என்றேன். அன்னையர் தினத்துக்கே வெள்ளைக் கார்னேஷன்தான் ஆதிப் பூ. 1908 மே 10 அன்று அமெரிக்காவின் கிராஃப்டன் ஊர் தேவாலயத்துக்கு அன்னா ஜார்விஸ் என்ற பெண் 500 வெள்ளைக் கார்னேஷன்கள் அனுப்பினார். இறந்துபோன அவருடைய அம்மாவுக்குப் பிடித்த பூ அது. பின்னால், அம்மா உயிரோடு இருந்தால் சிவப்போ இளஞ்சிவப்போ, இல்லாவிட்டால் வெள்ளை என்று வழக்கம் பிரிந்துவிட்டது. (பூக்காரர்கள் இந்த நாளை வியாபாரமாக்கிவிட்டார்கள் என்று கடைசிவரை சண்டை போட்டவரும் அதே ஜார்விஸ்தான்.) ஒவ்வொரு பூவுக்கும் அர்த்தம் சொல்லும் விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்துப் பூமொழிப் புத்தகங்களைக் கேட்டால் மஞ்சள் இன்னும் மோசம், ஏளனமாம். அதனால் வம்பில்லாமல் இளஞ்சிவப்பு வாங்கினேன். எண்ணிக்கைக்கு ஒரு மஞ்சளைக் கடைக்காரரே சொருகிவிட்டார்.

சொல்லப்போனால் எனக்கு நிறம் ஒரு சாக்குத்தான். அப்பா போனதிலிருந்து அம்மா தலையில் பூ வைப்பதில்லை. யாராவது மல்லிகை கொண்டுவந்தால் சாமி படத்துக்குப் போய்விடும். கையில் கொடுக்கிற பூவுக்கு அந்தத் தடை இல்லையே என்று ஒரு கணக்கு.

அம்மா வாங்கியதும் முகரவில்லை. பிளாஸ்டிக் தாளைப் பிரித்து ஒவ்வொரு தண்டாகப் பார்த்தார்.

“வெட்டி நாலு நாள் இருக்கும்டா. தண்டு குட்டை. ரெண்டாம் தரம். எவ்வளவு குடுத்த?”

பாதி விலை சொன்னேன். அதற்கே திட்டு.

அப்புறம் அந்த ஒற்றை மஞ்சளை உருவித் தனியாக வைத்தார். “காலைல ஆறு மணிக்கு உள்ள போனா பனிமூட்டத்துல ஒண்ணும் தெரியாது. மஞ்சப் பாத்திதான் முதல்ல கண்ணுக்குத் தெரியும். எனக்கு அந்த வரிசைன்னா அவ்வளவு இஷ்டம்.” ஒன்பது வருடத்தில் இதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நான் புத்தக அர்த்தத்தை விழுங்கிவிட்டேன்.

வாசல் ஹைட்ராஞ்சியாவிலிருந்து ஒரு கொத்து நீலம் பறித்து வந்தார். தேயிலைக்கு ஏற்ற புளிப்பு மண்ணில் அந்தச் செடி அலுமினியத்தை உறிஞ்சி நீலமாகப் பூக்கும், சுண்ணாம்பு விழுந்தால் இளஞ்சிவப்பாகிவிடும். வெள்ளையடித்த மிச்சத்தைக் கொட்டின மூலையில் எங்கள் செடி இரண்டு நிறத்திலும் பூத்திருக்கிறது. அதற்கு எந்தப் புத்தகத்தில் அர்த்தம் பார்ப்பது?

தண்டு நுனிகளைச் சாய்வாக வெட்டி, சொம்பில் தண்ணீர் ஊற்றி, மஞ்சளை நடுவில் வைத்தார்.

“அடுத்த தடவை மஞ்சளே வாங்கு. தண்டு நீளமாப் பாத்து வாங்கு.”