கூட்டின் நடுவில் இருப்பவை புழுக்களே

மழைக்கு முன் எறும்புகள் வரிசையாகக் கவ்விச் செல்லும் வெள்ளை உருண்டைகளை நாம் முட்டைகள் என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆனால் கண்ணுக்குப் பளிச்செனத் தெரியும் அளவில் இருப்பவை பெரும்பாலும் புழுக்களும் கூட்டுப்புழுக்களும்தான். எறும்புகளைப் பற்றிப் படிக்கப் படிக்க, அச்சமூகத்தின் மையம் அரசி அன்று, இந்த வெள்ளை உருண்டைகள்தாம் என்ற எண்ணம் எனக்குள் வலுத்து வருகிறது.

முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்ந்த எறும்பு என்பதே அதன் வாழ்க்கைச் சுழற்சி. கருவுற்ற முட்டை பெண்ணாகிறது. கருவுறாத முட்டை ஆணாகிறது. ஆகவே ஆண் எறும்புக்குத் தந்தை கிடையாது, தாயைப் பெற்ற பாட்டன் மட்டும் உண்டு. பெண் புழு அரசியாவதா வேலைக்கார எறும்பாவதா என்பதைப் பெரும்பாலான இனங்களில் அது பெறும் உணவும் வளரும் சூழலுமே பெருமளவு தீர்மானிக்கின்றன. அதாவது, அடுத்த அரசி யார் என்பது ஊட்டி வளர்க்கும் அக்காள்மார்களின் வாயில் இருக்கிறது.

புழுவுக்குக் காலும் இல்லை, கண்ணும் இல்லை. ஆனால் எறும்பின் வளர்ச்சி முழுவதும் இந்தப் பருவத்திலேயே முடிந்துவிடுகிறது. முதிர்ந்த எறும்பு அதற்குப்பின் வளர்வதில்லை என்பதால், சிறிய எறும்பு எதுவும் பெரிய எறும்பின் குழந்தைப் பருவம் அல்ல. மெல்லிய இடை கொண்ட முதிர்ந்த எறும்புகளால் திட உணவை விழுங்க முடியாது. அவை வேட்டையாடிக் கொண்டுவரும் பூச்சித் துண்டுகளைத் தின்று செரிக்கும் வேலையைப் பல இனங்களில் புழுக்களே செய்கின்றன. திரவ உணவை வேலைக்கார எறும்புகள் தங்கள் முன்வயிற்றில் சேமித்து, வாயோடு வாய் வைத்து ஒன்றுக்கொன்று பகிர்கின்றன. அந்தத் திரவத்தில் உணவு மட்டுமின்றி, புழுவின் வளர்ச்சியை மாற்றக்கூடிய இயக்குநீரும் (ஹார்மோன்) கலந்திருப்பதாக ஒரு தச்செறும்பு இனத்தில் கண்டறிந்திருக்கிறார்கள். இலைகளை இணைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்புகளிடமோ புழுவின் பங்கு இன்னும் வெளிப்படையானது: வேலைக்கார எறும்புகள் இலைகளின் விளிம்புகளை இழுத்துப் பிடித்திருக்க, வேறு சில எறும்புகள் புழுக்களைத் தாடையில் கவ்விக்கொண்டு, தறியில் ஓடும் நாடாவைப் போல இங்கும் அங்கும் அசைத்து, அவற்றின் வாயிலிருந்து வரும் பட்டிழையால் அந்த விளிம்புகளை ஒட்டுகின்றன. முதிர்ந்த முசுறுவால் பட்டு நூற்க இயலாது.

கூட்டுப்புழுவை அசைவற்ற, பயனற்ற பருவம் என்றே நெடுங்காலம் கருதினார்கள். 2022இல் வெளியான ஓர் ஆய்வு அந்தக் கருத்தை மாற்றியது. கூட்டுப்புழுக்கள் சத்து மிகுந்த ஒரு திரவத்தைச் சுரக்கின்றன. முதிர்ந்த எறும்புகள் அதைப் பருகுவதோடு, இளம் புழுக்களை எடுத்துவந்து கூட்டுப்புழுக்களின்மேல் வைத்துப் பருகச் செய்கின்றன. அத்திரவத்தை அகற்ற யாரும் இல்லையெனில் கூட்டுப்புழு அதிலேயே மூழ்கியோ பூஞ்சை தாக்கியோ இறக்கிறது. ஊட்டுபவரும் உண்பவரும் இவ்வளவு நெருக்கமாக ஒருவரையொருவர் சார்ந்திருப்பதுதான் சமூகம் என்ற கட்டமைப்பின் வேர் என நான் நினைக்கிறேன்.

வேலைக்கார எறும்புகள் அனைத்தும் பெண்களே. பொதுவாக, இளம் வயதில் அவை கூட்டுக்குள் புழுக்களைப் பேணுகின்றன. வயதான பின் வெளியே சென்று இரை தேடுகின்றன. ஆபத்து மிகுந்த வேலை வாழ்நாளின் இறுதியில் வருவது கூட்டுக்கு இழப்பைக் குறைக்கும் ஏற்பாடு. இதை யாரும் கட்டளையிட்டு நடத்துவதில்லை. அமெரிக்கப் பாலைநிலத்தில் விதை சேகரிக்கும் எறும்புகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த டெபோரா கார்டன், உணவோடு திரும்பும் எறும்புகளைக் கூட்டின் வாசலருகே எவ்வளவு அடிக்கடி சந்திக்கின்றன என்பதைப் பொறுத்தே மற்ற எறும்புகள் வெளியே கிளம்புகின்றன என்று காட்டினார். உணர்கொம்பால் தொட்டு, உடலின் மேற்பூச்சு மணத்தை அறிவதே அவற்றுக்குப் போதுமான செய்தி.

அரசியின் வாழ்வும் புழுக்களுக்காகவே தொடங்குகிறது. கலவிப் பறத்தலில் பெற்ற விந்தணுக்களை உடலுக்குள் ஒரு பையில் ஆண்டுக்கணக்கில் காத்துவைக்கும் அவள், தரையிறங்கியதும் சிறகுகளை உதிர்த்துவிடுகிறாள். பல இனங்களில் அவள் ஓர் அறைக்குள் தன்னை அடைத்துக்கொண்டு, இனித் தேவைப்படாத சிறகுத் தசைகளைக் கரைத்து அந்தச் சத்தால் முதல் புழுக்களை வளர்க்கிறாள். அவளோடு இணைந்த ஆண்கள் விரைவில் இறந்துபோகின்றன. வளர்ப்பில் இருந்த ஒரு கருந்தோட்ட எறும்பு அரசி 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததாகப் பதிவு உள்ளது. அவ்வினத்தின் வேலைக்கார எறும்புகளின் ஆயுள் அதில் ஒரு சிறு பங்குதான்.

அரசி இறந்தால் பெரும்பாலான இனங்களில் கூடும் மெல்ல அழிகிறது, ஏனெனில் புதிய புழுக்கள் வருவதில்லை. இந்தியத் தாவும் எறும்பு இதற்கு விதிவிலக்கு. அங்கே வேலைக்கார எறும்புகள் உணர்கொம்புகளால் ஒன்றோடொன்று பொருதுகின்றன. வென்ற சில எறும்புகள் முட்டையிடத் தொடங்க, அவற்றின் சூற்பைகள் பெருத்து, மூளை ஏறத்தாழ கால் பங்கு சிறுக்கிறது. வேட்டையாட வேண்டிய தேவை அவற்றுக்கு இனி இல்லை. ஏழு மாதமாக இருந்த ஆயுளும் நான்கு ஆண்டுகள்வரை நீள்கிறது. அத்தகைய எறும்பை மற்றவற்றிடமிருந்து பிரித்துவைத்து, மீண்டும் வேலைக்கார நிலைக்குத் திரும்பச் செய்தபோது, சூற்பைகள் சுருங்கி மூளை பழைய அளவுக்கே வளர்ந்ததை 2021இல் வெளியிட்டார்கள்.