வாசலில் நின்ற காரும் கையில் இல்லாத லைசன்ஸும்

எங்கள் வீட்டு வாசலில் ஒரு கார் ஐந்து மாதமாக அசையாமல் நின்றது. வெயார்ஹவுசில் பெட்டி தூக்கித் தூக்கி இவருக்கு நாரி, அதாவது கீழ்முதுகு, போய்விட்டது. ஸ்டியரிங்குக்கு முன்னால் பத்து நிமிடம் இருக்க ஏலாது. எனக்கு லைசன்ஸ் இல்லை. வவுனியாவில் பத்து வருடம் ஸ்கூட்டி ஓடியவள் நான். ஆனால் இலங்கை லைசன்ஸை இங்கிலாந்தில் மாற்றித் தரமாட்டார்கள். அங்கே கார் லைசன்ஸ் எடுத்தவர்கள்கூட இங்கே குடியேறி 12 மாதம் வரைதான் அதை வைத்து ஓடலாம். அப்புறம் எல்லாரையும் போல முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்போது வீட்டுக்கு வந்த காசு, வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட் உதவித்தொகை மட்டும்தான். சின்னவனுக்கு மூன்று வயது ஆனதும், பிள்ளை பார்க்கும் நானும் வேலை தேட வேண்டும் என்று விதி. தேடினேன். எனக்குப் பொருந்தியது பராமரிப்பு வேலை. வயதானவர்களின் வீட்டுக்குப் போய் எழுப்பி, குளிக்க வார்த்து, மருந்து கொடுத்து வரும் வேலை. அம்மம்மாவைக் கடைசிவரை பார்த்தவள் என்பதால் அந்த வேலைக்கு எனக்குப் பயமில்லை. ஆனால் விளம்பரத்துக்கு விளம்பரம் ஒரே வரிதான்: லைசன்ஸும் சொந்தக் காரும் வேண்டும். நாங்கள் இருப்பது மில்டன் கீன்ஸ். காலை ஏழு மணிக்கு ஒரு கிராமத்து வீட்டில், எட்டு மணிக்கு நகரத்தின் மறுகரையில் நிற்கவேண்டிய வேலையைப் பஸ்ஸை நம்பிச் செய்ய முடியாது.

கணக்குப் பார்த்தேன். கற்பதற்கான புரொவிஷனல் லைசன்ஸ் இணையத்தில் எடுத்தால் 34 பவுண்ஸ், தியரி பரீட்சை 23, ஓட்டப் பரீட்சை கிழமை நாட்களில் 62. அதுவரை சமாளிக்கலாம். பழகுவதற்குத்தான் காசு. எங்கள் பக்கம் மணிக்கு 36 பவுண்ஸ் கேட்டார்கள். சராசரியாக ஒருவருக்கு 45 மணி நேரம் பழக வேண்டிவரும் என்கிறது பரீட்சை நடத்தும் அரச நிறுவனம். பெருக்கினால் 1,620 பவுண்ஸ். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அந்த உதவித்தொகையைப் பார்க்கும் அரச அலுவலகமான ஜொப் சென்டரில், எனக்கு வேலை தேட வழிகாட்டும் அலுவலரான வேர்க் கோச்சிடம், "கார் பழக உதவி ஏதும் கிடைக்குமா?" என்று கேட்டேன். பொதுவாக அதற்குக் கொடுப்பதில்லை என்றா. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த "பொதுவாக" என்ற சொல்லை அன்று நான் கவனிக்கவில்லை.

இலவசமாக ஆலோசனை சொல்லும் சிற்றிசன்ஸ் அட்வைஸ் நிலையத்துக்கு வேறொரு அலுவலாகப் போனபோதுதான் விஷயம் விளங்கியது. அங்கே இருந்த அம்மா ஒரு தாளில் பெயரை எழுதித் தந்தா: ஃபிளெக்சிபிள் சப்போர்ட் ஃபண்ட். வேலைக்குப் போகத் தடையாக நிற்கும் செலவுக்காக ஜொப் சென்டர் வைத்திருக்கும் நிதி அது. நேர்முகத்துக்குப் போகும் பயணச் செலவு, வேலை உடுப்பு, பிள்ளை பராமரிப்புக்கு முதல் கட்டவேண்டிய காசு, சில பயிற்சிகள் எல்லாம் இதில் வரும். கடன் இல்லை, திருப்பிக் கட்டத் தேவையில்லை. ஆனால் உரிமையும் இல்லை. ஒவ்வொருவருடைய நிலையையும் பார்த்து அலுவலகம் தீர்மானிப்பது. கார் பழகக் கொடுப்பது அரிது. "லைசன்ஸ் எடுத்தால் இந்த வேலை உனக்கு" என்று முதலாளி எழுதித் தந்தால் கதை வேறு. இன்னொன்றும் சொன்னா: செலவழித்துவிட்டுப் பற்றுச்சீட்டோடு போகாதே, முதலில் கேட்டு அனுமதி எடு. இது தெரியாமல் எத்தனை பேர் கைக்காசு போட்டிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் மனம் வேகிறது.

முதலில் தியரியை என் காசில் முடித்தேன். 50 கேள்வியில் 43 சரியாக இருக்க வேண்டும். வீதியில் வரும் ஆபத்தை வீடியோவில் கண்டு உடனே அழுத்தும் பகுதியில் 75க்கு 44. முன்பு இந்தப் பரீட்சையைத் தமிழ்க் குரலில் கேட்டும் எழுதலாம். 2014 ஏப்ரலில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆங்கிலமும் வெல்ஷும் மட்டும். நூலகத்தில் புத்தகம் எடுத்து, தெரியாத சொல்லுக்கெல்லாம் பென்சிலால் கொப்பியில் தமிழ் எழுதி, பிள்ளைகள் படுத்த பிறகு படித்தேன். மூன்று மாதம் எடுத்தது.

அப்புறம் பராமரிப்பு நிறுவனம் ஒன்றுக்கு நேர்முகத்துக்குப் போனேன். லைசன்ஸ் இல்லை, தியரி சித்தி, வாசலில் கார் நிற்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். எடுத்தார்கள். லைசன்ஸ் வந்ததும் வேலை என்று கடிதம் தரமுடியுமா என்று கேட்டேன். இரண்டே வரியில் எழுதித் தந்தார்கள். என் வாழ்க்கையில் பெறுமதியான கடிதம் அது.

யூனிவர்சல் கிரெடிட் ஜேர்னலில், அதாவது வேர்க் கோச்சுக்கு எழுதும் இணையப் பக்கத்தில், அந்த நிதியின் பெயரைச் சொல்லியே எழுதினேன். வேலைக் கடிதம், தியரி சித்திப் பத்திரம், பழக்குபவரின் விலை விபரம் மூன்றும் கையில் இருக்கின்றன, இந்த நேரத்துக்கு இந்த வீடுகளில் நிற்க வேண்டும், பஸ்ஸில் அது முடியாது என்று விளக்கினேன். எழுத்தில் கேட்டது நல்லதாய்ப் போயிற்று. வாயால் கேட்டால் பதிவு இருக்காது. அடுத்த சந்திப்பில் அதே வேர்க் கோச் தாள்களைப் பார்த்துவிட்டு மேலதிகாரியிடம் கொண்டுபோனா. பத்து மணி நேரப் பழக்கமும் ஓட்டப் பரீட்சைக் கட்டணமும் கிடைத்தன. 422 பவுண்ஸ். பஸ்ஸில் வரும்போது அழுதுவிட்டேன்.

பழக்குபவரைத் தேடும்போது காரின் முன்கண்ணாடியைப் பாருங்கள். பச்சை அட்டை இருந்தால் முழுத் தகுதி பெற்றவர், இளஞ்சிவப்பு முக்கோணம் என்றால் பயிற்சியில் இருப்பவர். இரண்டும் இல்லாமல் காசு வாங்கிப் பழக்குவது சட்டப்படி குற்றம், எங்கள் ஆள் என்றாலும்தான்.

பத்து மணி நேரம் எனக்குப் போதவில்லை. பட்ஜெட்டிங் அட்வான்ஸ் என்று யூனிவர்சல் கிரெடிட்டில் வட்டியில்லாக் கடன் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குக் கூடியது 812 பவுண்ஸ். வழக்கமாக ஆறு மாதம் உதவித்தொகை எடுத்திருக்க வேண்டும். வேலை எடுக்க உதவும் செலவு என்றால் அந்தக் காலம் தேவையில்லை. நான் 400 எடுத்தேன். மாதாமாதம் வெட்டிக்கொண்டுதான் மிச்சம் தருவார்கள் என்பதால் அளவோடு எடுப்பது நல்லது.

மீதிப் பழக்கத்தை இவர்தான் தந்தார். நாரி கொஞ்சம் தேறியதும், பழகுபவருக்கான இன்சூரன்ஸை எங்கள் காருக்கே எடுத்தோம். பக்கத்தில் இருப்பவர் 21 வயதைத் தாண்டியவராகவும், மூன்று வருடமாவது லைசன்ஸ் உள்ளவராகவும் இருக்க வேண்டும். முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு அவர் ஏறுவார். இந்த ஊரில் நூற்றுக்கு மேற்பட்ட ரவுண்டபவுட்கள். எச் 6 என்ற வீதியிலிருந்து வி 7 என்ற வீதிக்குத் திரும்பும் இடத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை சுற்றியிருப்போம் என்று கணக்கில்லை.

இவருடைய சிநேகிதரின் மகளுக்குக் காலில் இயலாமை. அவளுக்கு வழி வேறு. இயலாமை உள்ளவர்களுக்கு அரசு தரும் பிப் உதவியில் நடமாட்டத்துக்கான கூடிய பங்கு எடுப்பவர்கள் 16 வயதிலேயே கார் பழகத் தொடங்கலாம். அந்த உதவிக் காசைக் கொடுத்துக் காரை வாடகைக்கு எடுக்கும் மோட்டபிலிட்டி திட்டத்தில் கார் எடுப்பவர்களுக்குப் பழகும் செலவுக்கு அதன் அறக்கட்டளையிடமும் உதவி கேட்கலாம். அப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் 17 வரை காத்திருக்காதீர்கள்.

முதல் பரீட்சையில் தவறினேன். ரவுண்டபவுட்டில் வலப்பக்கம் வந்த வாகனத்தைக் காணாமல் நுழைந்துவிட்டேன்; பரீட்சகர் பிரேக் போட்டார். இரண்டாவது கட்டணத்துக்கு நான் மறுபடி உதவி கேட்கவில்லை, காப்பை அடகு வைத்தேன். அடுத்த பரீட்சைக்குத் திகதி கிடைக்க நான்கு மாதத்துக்கு மேல் ஆனது. இரண்டாவது முறை ஆறு சின்னப் பிழையோடு சித்தி.

இப்போது என் முதல் வீடு ஓல்னிப் பக்கம். தொண்ணூற்றொரு வயது அம்மா, என் காரின் சத்தம் கேட்டால் உள்ளே லைற்றைப் போடுவா. காப்பு மீண்டுவிட்டது. பனிக்காலத்தில் இவர் எனக்கு முன்னால் எழும்பி, கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டி, ஹீட்டரைப் போட்டுவிட்டு உள்ளே வந்து தேத்தண்ணி ஊற்றித் தருவார்.