கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்கு அப்பால்: கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்கு

பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்தவுடன் கூடலூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் உறவினர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: இந்த கட்-ஆஃபுக்கு எந்தக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும்? கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குக் கணக்கிடும் அந்த எண், எந்த இடம் கிடைக்கும் என்பதைச் சொல்லுமே தவிர, எந்த வேலையில் மனம் ஒன்றும் என்பதைச் சொல்லாது. கணினித் துறை மீது எனக்குக் குறையில்லை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகள் சிவில் பொறியியல் என்றாலே முகம் சுளிப்பதுதான் வருத்தமளிக்கிறது.

மேற்கே அரபிக் கடலுக்கு ஓடிய ஆற்றை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக்கின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டுகிறோம். அவருடைய பிறந்த நாளான ஜனவரி 15-இல் பொங்கல் வைக்கிறோம். ஆனால் 1895-இல் திறக்கப்பட்ட அந்த முல்லைப் பெரியாறு அணை, சுண்ணாம்பும் சுர்க்கி எனும் செங்கல் தூளும் கலந்த காரையால் கட்டப்பட்டுத் தன் எடையாலேயே நீரின் தள்ளுவிசையைத் தாங்குகிறது என்பதையும், பிற்காலத்தில் அதற்குக் கான்கிரீட் முட்டுச்சுவரும் அணையைப் பாறையோடு இறுக்கிப் பிடிக்கும் கேபிள் நங்கூரமும் ஏன் தேவைப்பட்டன என்பதையும் எத்தனை வீடுகளில் பேசுகிறோம்?

கட்டுவதோடு பொறியாளரின் வேலை முடிந்துவிடுவதில்லை. அணைகளில் கசியும் நீரை வடிகாலில் சேர்த்து, 'வி' வடிவில் வெட்டிய ஓர் உலோகத் தகட்டின் வழியே வழியவிட்டு, அளவுகோலில் மட்டத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். அந்த வெட்டில் நீர்மட்டம் இரு மடங்கானால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் கூடிவிடும் என்பதால், சில மில்லிமீட்டர் வேறுபாட்டைக்கூட அலட்சியம் செய்யக் கூடாது. நீர்த்தேக்கத்தின் மட்டம் உயராதபோது கசிவு மட்டும் கூடினாலோ, தெளிவாக வந்த நீர் கலங்கினாலோ, காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலமும் இத்தகைய கவனத்தை நம்பித்தான் இருக்கிறது. லோயர் கேம்ப் மின்நிலையத்திலோ அதே நீரை நம்பி மெக்கானிக்கலும் எலக்ட்ரிக்கலும் படித்தவர்கள் வேலை பார்க்கிறார்கள்.

தனியார் கட்டுமான நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் குறைவு என்பதையும், வெயிலில் நின்றாக வேண்டும் என்பதையும் மறைக்க மாட்டேன். பெண் பிள்ளைகளுக்குச் சைட் வேலை ஒத்துவராது என்று பெரியவர்கள் சொல்வதை மட்டும் நான் ஏற்பதில்லை. வடிவமைப்பு, மண் பரிசோதனை, நீரியல் என எல்லாமே இந்தத் துறைக்குள் அடங்கும்.

அரசுப் பணியை விரும்புவோர் உதவிப் பொறியாளர் பதவிக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுதலாம். கட்-ஆஃப் குறைந்துவிட்டதே என்று கலங்கும் பெற்றோர் பாலிடெக்னிக்கை மறந்துவிட வேண்டாம்; டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், வரைபடத்தையும் அளவைக் கருவியையும் கையாண்ட பழக்கமும் அவர்களுக்குக் கூடவே வரும்.