மாமனார் வீட்டு ஆன்டெனா

ஆடி மாதத்தில் உடுமலைப்பேட்டைப் பக்கம் டென்ட் போட்டுப் படுக்கலாம் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் என் மகள். அவளுக்கு அப்படித் தோன்றியதற்குக் காரணம் யூடியூப். மாமனாரின் தென்னந்தோப்பு இருக்க, கொடைக்கானல் வரை எதற்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டோம்.

"இத்தனை பெரிய வீடு இருக்கறப்ப இதுக்குள்ள எதுக்குங்க படுக்கோணும்?" என்றார் மாமியார். மாமனார் ஒன்றுதான் சொன்னார்: "மரத்தடி மட்டும் வேண்டாமுங்க மாப்பிள்ளை, தேங்காய் விழும்." நியாயம்தான். தோப்பை ஒட்டியிருந்த தரிசு நிலத்தில், மறைப்பே இல்லாத வெட்டவெளியில், டென்ட்டை நிறுத்தினேன். மேற்கே பாலக்காட்டுக் கணவாய். மலைத்தொடரில் சுமார் 30 கிலோமீட்டருக்கு வாசல் திறந்து வைத்த மாதிரி ஓர் இடைவெளி. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாகத்தான் இந்தப் பக்கம் வருகிறது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்து நான் "எவ்வளவு அழகு" என்றேனே தவிர, அதை ஏன் அங்கே நட்டு வைத்திருக்கிறார்கள் என்று யோசிக்கவில்லை.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். எங்கள் டென்ட் பறக்கவில்லை. உள்ளே 82 கிலோவில் நான் படுத்திருந்தேன். ஆனால் இரவு பதினொன்றரைக்குத் தலைக்குமேல் 'படக்' என்று ஒரு சத்தம். கூரை அப்படியே இறங்கி வந்து என் மூக்கில் உட்கார்ந்தது. மகள் கைதட்டிச் சிரித்தாள். அவளைப் பொறுத்தவரை அப்போதுதான் கேம்பிங்கே ஆரம்பித்தது.

செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால், ஃபைபர் கிளாஸ் கம்பு இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் கரும்புச் சக்கை மாதிரி நார்நாராகப் பிளந்திருந்தது. அதை வெறுங்கையால் தடவிப் பார்த்தது நான் செய்த அடுத்த தவறு. கையில் ஏறிய நார் கற்றாழை முள்ளைவிட மோசம். கண்ணுக்கும் தெரியாது, ஊசிக்கும் சிக்காது. இரண்டு நாள் இட்லியைப் பிட்டுச் சாப்பிட மனைவி உதவி தேவைப்பட்டது.

சத்தம் கேட்டு மாமனார் டார்ச்சோடு வந்தார். முதல் வைத்தியம் சொட்டுநீர்க் குழாய். ஒரு சாண் வெட்டி உடைந்த இடத்தில் மாட்டினோம். அடுத்த காற்றுக்கே வாழைத்தண்டு மாதிரி வளைந்துகொடுத்தது. மாமனார் ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போனார். வரும்போது கையில் தூர்தர்ஷன் காலத்து ஆன்டெனா, மீன்முள் மாதிரி இருக்குமே, அது. அதில் ஒரு அலுமினியக் குழாயை ஆக்சா பிளேடால் அறுத்து, முனையை அரத்தால் தேய்த்துக் கம்பில் செருகினார். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. உடைப்பு நடுவில் வரும்படி நகர்த்தி, இரண்டு பக்கமும் மோட்டார் ரூம் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினார். இதற்கென்றே ஒரு விரல் நீளக் குழாய் டென்ட் பைக்குள்ளேயே இருந்தது என்பதை மறுநாள்தான் பார்த்தேன். மாமனாரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

"இந்தக் கயித்தையெல்லாம் எதுக்குங்க மாப்பிள்ளை பிரிக்காமயே வெச்சிருக்கீங்க?" என்று அடுத்த கேள்வி வந்தது. எக்ஸ்ட்ரா போலிருக்கிறது என்று நினைத்தேன் என்று எப்படிச் சொல்வது? காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். அதைக் கம்பு மட்டும் தாங்காது, இழுகயிறும் சேர்ந்துதான் தாங்க வேண்டும். போதாததற்கு அகலமான பக்கத்தை மேற்கே பார்க்க வைத்திருந்தேன். முளைகளையும் செங்குத்தாக அடித்திருந்தேன். "ஆடு கட்டற முளைய யாராச்சும் இப்பிடி நேரா அடிப்பாங்களா?" என்று ஒவ்வொன்றையும் பிடுங்கி, தலை வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும்படி அடித்தார். குறுகிய பக்கத்தைக் காற்றுக்குத் திருப்பினோம். விடியும்வரை அசையவில்லை.

ஊர் திரும்பியதும் அலுமினியக் கம்பு வாங்கினேன். விலை கூடுதல்தான். ஆனால் ஃபைபர் கிளாஸ் மாதிரி சொல்லாமல் கொள்ளாமல் பிளக்காது. பெரும்பாலும் முதலில் வளைந்து காட்டும். எடையும் குறைவு. 7001, 7075 என்று எண் போட்ட அலுமினிய உலோகக் கலவையாக இருந்தால் நல்லது. பழைய கம்பின் நீளத்தைத் தையல் டேப்பால் அளந்தும் எனக்கு வந்தது நான்கு விரல் அதிகம். கடைசித் துண்டை மட்டும் அறுத்துச் சரிசெய்தேன். அப்புறம், துணிக்குள் விடும்போது தள்ளத்தான் வேண்டும். இழுத்தால் துண்டுகள் உள்ளேயே கழன்றுகொள்ளும். நான் இழுத்தேன்.

மிச்ச ஆன்டெனாக் குழாயையும் டென்ட் பையில்தான் வைத்திருக்கிறேன். எங்கே கேம்பிங் போனாலும் மாமனாரிடமிருந்து ராத்திரி ஒரு போன் வந்துவிடும்.

"இன்னிக்கு எத்தனை சேனல் தெரியுதுங்க மாப்பிள்ளை?"