தீப்பொறியும் ரேடியோவும்: ஒரு 30 சிசி விமானத்தின் நாட்குறிப்பு

பிப்ரவரி 3, சனி

கை மாறி வந்த ரேடியோ கன்ட்ரோல் மாடல் விமானம். இறக்கை இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல், மூக்கில் 30 சிசி பெட்ரோல் இன்ஜின். விற்றவர் ரேடியோ சாமான்களை மட்டும் கழற்றிக்கொண்டு இன்ஜினையும், பிளக்குக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் பெட்டியையும் அப்படியே விட்டிருந்தார். பெட்டி ஃபயர்வாலுக்கு (இன்ஜினைத் தாங்கும் முன்பலகை) பின்னால், டேங்குக்குப் பக்கத்தில், ஒட்டுநாடாவில் தொங்கிக்கொண்டிருந்தது. மொத்தத்தையும் பிரித்துவிட்டேன்.

இதுவரை நான் ஓட்டியதெல்லாம் குளோ இன்ஜின்கள். அதில் பிளக்கின் கம்பியை ஒருமுறை பழுக்கவைத்தால் போதும். ஓட ஆரம்பித்ததும் மெத்தனாலும் கம்பியிலுள்ள பிளாட்டினமும் சேர்ந்து அதை அணையவிடாமல் பார்த்துக்கொள்ளும். 1947இல் ரே ஆர்டனின் குளோ பிளக் விற்பனைக்கு வந்ததும், அதுவரை காயில், கண்டென்சர், பேட்டரி எல்லாவற்றையும் சுமந்து பறந்த மாடல்காரர்கள் அவற்றைக் கழற்றி எறிந்ததில் வியப்பில்லை. பெட்ரோலுக்கு மாறினால் அந்த மூட்டை மறுபடி ஏறுகிறது. டூ ஸ்ட்ரோக் என்பதால் சுற்றுக்கு ஒரு தீப்பொறி. 7000 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 116க்கு மேல்.

மார்க்கோனி ஆரம்பத்தில் கம்பியில்லாமல் செய்தி அனுப்பியது தீப்பொறி ட்ரான்ஸ்மிட்டரில்தான். அப்படிப்பட்ட ஒன்றை, நம் கட்டளைகளை வாங்கும் ரிசீவர் இருக்கும் விமானக் கூட்டுக்குள்ளேயே வைத்து ஓட்டப்போகிறோம். அதனால் இன்று ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை, காகிதமும் பென்சிலும்தான். மூக்குப் பக்கம் முழுக்க இக்னிஷனுக்கு. ரேடியோ எல்லாம் இறக்கைக்கு அடியிலும் அதற்குப் பின்னாலும். நடுவில் 30 செ.மீ. இடைவெளி. இது பழைய 72 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ காலத்து விதி. இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் இதெல்லாம் வேண்டாம் என்பவர்கள் உண்டு. ரிசீவர் வேண்டுமானால் தப்பிக்கும். ரடர், த்ராட்டில் போன்றவற்றை அசைக்கும் சின்ன மோட்டார்களான சர்வோக்களுக்கு நீளநீளமாக ஓடும் வயர்கள் இரைச்சலை வாங்கிக்கொண்டுதான் இருக்கும். இடம் இருக்கும்போது எதற்கு வம்பு?

பிப்ரவரி 4, ஞாயிறு

இக்னிஷன் பெட்டியை ஃபயர்வாலுக்கு முன்னால், இன்ஜின் பெட்டியின் மேல்பக்கத்தில் உட்காரவைத்தேன். அடியில் அரை அங்குல ஃபோம், மேலே இரண்டு ஜிப்-டை. அழுத்தி இறுக்கக் கூடாது. ஃபோம் நசுங்கிவிட்டால் அதிர்வு நேராகப் பெட்டிக்குள் போகும்.

பிளக்குக்குப் போகும் வயர்தான் பாதி நாளைத் தின்றது. உள்ளே பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. வெளியே உலோக இழைப் பின்னல். தீப்பொறியின் ரேடியோ இரைச்சலை உள்ளேயே அடக்குவது அந்தப் பின்னல்தான். அது இன்ஜின் மவுண்டிலோ, இன்ஜினை மூடும் கவுலின் விளிம்பிலோ உரசிக்கொண்டிருந்தால் இழை ஒவ்வொன்றாக அறுந்து, ஒருநாள் உள் காப்பும் தேய்ந்து வழியிலேயே பொறி பாயும். உரசும் இடங்களில் எல்லாம் பிளாஸ்டிக் சுருள் சுற்றிவிட்டேன். சென்சார் வயர் ப்ரொப்பெல்லர் ஹப்பிலுள்ள காந்தம் கடப்பதைப் பார்த்துச் சொல்லும் மெலிந்த மூன்று கம்பி. அதை இந்த வயரோடு சேர்த்துக் கட்டாமல் எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோனேன்.

பிளக் 10 மி.மீ. மரை, இடைவெளி 0.45 மி.மீ. இருந்தது. அப்படியே விட்டேன்.

பிப்ரவரி 7, புதன்

பேட்டரி வேலை. இக்னிஷனுக்கு ஒன்று, ரிசீவருக்கு ஒன்று, இரண்டும் 6.6 வோல்ட், இரண்டு செல் கொண்ட லித்தியம்-இரும்பு (LiFe) வகை. ரெகுலேட்டர் தேவையில்லை. சுவிட்சும் தனித்தனி, இக்னிஷன் சுவிட்சைப் ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் நின்று எட்டக்கூடிய இடத்தில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 10, சனி

த்ராட்டில் சர்வோவை முன்னால் வைத்தால் கம்பி குட்டையாக, கச்சிதமாக இருக்கும். ஆனால் ரிசீவரின் வயர் ஒன்று நேராக இக்னிஷன் பக்கத்துக்குப் போய்விடும். அதனால் சர்வோ பின்னாலேயே இருக்கட்டும் என்று நைலான் குழாய்க்குள் நைலான் தண்டு ஓட்டினேன். கார்புரேட்டர் முனையில் பழைய ஆள் போட்டிருந்த உலோகக் கொக்கியை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் பந்து இணைப்பு. உலோகத்தோடு உலோகம் அதிர்ந்து உரசினால் அதுவே ஒரு ரேடியோ இரைச்சல். பின்னால் வரை இரும்புத் தண்டு போட்டால், இன்ஜினிலிருந்து ரிசீவர் வரை நாமே ஆன்டெனா நீட்டிக் கொடுத்த மாதிரி.

ட்ரான்ஸ்மிட்டரிலிருந்து இக்னிஷனை அணைக்கும் கில் சுவிட்சும் இன்று ஏறியது. ஒளியால் இயங்கும் வகை. ரிசீவரின் கட்டளை உள்ளே ஒரு சின்ன எல்ஈடியை எரியவைக்கிறது. அந்த வெளிச்சத்தைப் பார்த்து மறுபக்கம் இக்னிஷனுக்கு மின்சாரம் விடுகிறது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் வெளிச்சம் மட்டுமே போகும், மின்சாரம் போகாது. இத்தனை பாடுபட்டுப் பிரித்த இரண்டு சுற்றுகளை ஒரு சாதாரண சுவிட்சால் மறுபடி சேர்ப்பது அர்த்தமில்லாத வேலை.

பிப்ரவரி 11, ஞாயிறு

ரிசீவர். ஃபோமில் சுற்றி, ஆன்டெனா இரண்டையும் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் நிறுத்தினேன். முனையில் உறையில்லாத 31 மி.மீ.தான் வேலை செய்யும் பகுதி. அதை வளைக்கவோ கார்பன் ஃபைபர் பக்கத்தில் வைக்கவோ கூடாது. இறக்கையின் கார்பன் குழாய் குறுக்கே வந்ததால் ஒரு முனையைக் கூட்டின் அடிப்பக்கம் இறக்க வேண்டியதாயிற்று.

பிப்ரவரி 17, சனி

முதல் பொறி. ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, பிளக்கை வெளியே எடுத்து, தொப்பிக்குள் செருகி, அதன் உடலை இன்ஜின் உலோகத்தோடு அழுத்திப் பிடித்தபடி ஹப்பைச் சுற்றினேன். டிக், டிக். நீலப் பொறி. பிளக் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. வெளியே போக வழி கிடைக்காத வோல்ட்டேஜ் பெட்டிக்குள்ளேயே வழி தேடிப் பெட்டியைச் சுட்டுவிடும். கில் சுவிட்சைத் தட்டினால் பொறி நிற்கிறது. ட்ரான்ஸ்மிட்டரையே அணைத்தாலும் நிற்கிறது, ஃபெயில்சேஃப் அப்படித்தான் வைத்திருக்கிறேன்: த்ராட்டில் மூடும், இக்னிஷன் அணையும்.

பிப்ரவரி 18, ஞாயிறு

ரேஞ்ச் டெஸ்ட், அதாவது ரேடியோ எட்டும் தூரத்தைச் சோதிப்பது. பறக்கும் இடத்துக்குத் தம்பி ஒருவரும் வந்திருந்தார். ட்ரான்ஸ்மிட்டரைக் குறைந்த சக்தியில் வைத்து 30 அடி எடுத்து நடந்தேன். இன்ஜின் அணைந்திருந்தபோது எந்தக் குறையும் இல்லை. ஓடவிட்டு, ஐடிலில் சரி. பாதி த்ராட்டிலுக்கு ஏற்றியதும் வாலைப் பிடித்திருந்த தம்பி கத்தினார்: “அண்ணே, ரடர் துடிக்குது!” ரடர் என்பது வாலிலுள்ள சுக்கான்.

அதிர்வில் ஏதோ கனெக்டர் ஆடுகிறதா, பொறியின் இரைச்சலா? பிரித்தறிய ஒரு வழி உண்டு. பாதி த்ராட்டிலில் கில் சுவிட்சைத் தட்டினால், பொறி அந்தக் கணமே நிற்கும். ப்ரொப்பெல்லர் இன்னும் சில சுற்று சுற்றும், அதிர்வும் இருக்கும். “வாலையே பார்த்துக்கிட்டு இரு, எப்போ நிக்குதுன்னு சொல்லு” என்றேன். பொறி நின்ற கணமே துடிப்பும் நின்றது. ஆக, குற்றவாளி முன்பக்கம்.

பிளக் தொப்பியைக் கழற்றினால், உள்ளே பிளக்கின் அறுகோணத்தைக் கவ்வ வேண்டிய ஸ்பிரிங் வளையம் ஒருபக்கம் விரிந்து கிடக்கிறது. அந்த இடத்தில் மெல்லிய கருப்புப் பொடி. தொப்பியை யாரோ பலமுறை சாய்த்துப் பிடுங்கியிருக்கிறார்கள். பின்னல் உறை பிளக்கின் உடலோடு சரியாகத் தொடாததால் அடைபட வேண்டிய இரைச்சல் அங்கே கசிந்திருக்கிறது. புது வளையம் போட்டு, மூக்குக் குறடால் சற்று நெருக்கி, ‘கிளிக்’ என்று உட்காரும்வரை நேராக அழுத்தினேன். மறுபடி ஐடில், பாதி, முழு த்ராட்டில். ரடர் அசையவில்லை. தம்பி கை வலிக்கிறது என்றார், நியாயம்தான்.

பிப்ரவரி 24, சனி

பறந்தது. பத்து நிமிடம், பாதிக்குக் கொஞ்சம் மேல் த்ராட்டில். இறங்கியதும் இரண்டு பேட்டரியையும் சார்ஜ் போட்டுக் கணக்கு எடுத்தேன்: இக்னிஷன் 95 எம்ஏஹெச், ரிசீவர் 160. 1500 எம்ஏஹெச் இக்னிஷன் பேட்டரிக்கு இது ஒன்றுமே இல்லை. அடுத்தமுறை சின்னதாகப் போட்டு எடையைக் குறைக்கலாம் என்று தோன்றியது, ஆனால் மூக்கு லேசாகிவிட்டால் அங்கே ஈயக்கட்டி வைக்க வேண்டிவரும். இதுவே இருக்கட்டும்.

கவுல் இன்னும் மாட்டவில்லை. இன்ஜினைக் குளிர்விக்கும் காற்று வெளியேறும் வாய், அது நுழையும் வாயைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்க வேண்டும். இப்போது இருப்பது போதாது. அடுத்த வாரம் அதை வெட்டும்போது, வெட்டிய விளிம்பு பிளக் வயரின் பின்னலைத் தொடாமல் இருக்க அங்கே ஒரு ரப்பர் பட்டை ஒட்ட வேண்டும்.