சொல்லாத வார்த்தைக்கு மேற்கோள் குறி

நான் படித்த படிப்பின் பெயர் ஒரே மூச்சில் சொல்லி முடியாது: ஊடகம், விளையாட்டுத் தொடர்பியல், மக்கள் தொடர்பு. யாராவது விசாரித்தால் அப்பா "ஸ்போர்ட்ஸ் ரிப்போர்ட்டர் படிப்பு" என்று சுருக்கிவிடுவார். பாதி சரி. மீதிப் பாதி, அந்த ரிப்போர்ட்டரைச் சமாளிக்கும் படிப்பு.

இரண்டாம் ஆண்டில் இரண்டு வகுப்புகள் அடுத்தடுத்து வரும். முதலாவது செய்தி எழுதுதல். நடத்தியவர் பல வருடம் விளையாட்டுப் பக்கத்தில் குப்பை கொட்டியவர். ஆட்டம் முடியும் விசில் சத்தத்தோடு செய்தி கையில் இருக்க வேண்டும் என்பார். கடைசி நிமிடத்தில் கோல் விழுந்தால் முதல் பத்தியை அடித்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டும். அதில் பிழை வந்தால்கூட மன்னிப்பார். ஆனால் மேற்கோள் குறிக்குள் ஒருவர் சொல்லாத ஒரு சொல் இருந்தாலும் மதிப்பெண் பூஜ்யம். "அவர் சொன்னாரா? நீ கேட்டாயா? குறிப்பேடு எங்கே?"

பத்து நிமிட இடைவேளை. அடுத்தது மக்கள் தொடர்பு. பயிற்சி இதுதான்: ஒரு அணிக்குப் புது ஸ்பான்சர் கிடைத்திருக்கிறார், செய்திக் குறிப்பு எழுது, கேப்டனின் கருத்தையும் சேர். கேப்டன் எங்கே? கேப்டனே கிடையாது. நாமே எழுதி, நாமே மேற்கோள் குறி போட வேண்டும். கை தூக்கிக் கேட்டேன். மேடம் சிரித்தார். "எழுதுறது நீ. ஒப்புதல் தர்றது அவர். ஒப்புதல் தந்த நொடியிலிருந்து அது அவர் சொன்னதுதான்."

ஒரே கட்டடம், ஒரே பட்டம். முதல் வகுப்பில் பாவம், அடுத்த வகுப்பில் பாடம். இந்தக் குழப்பத்தை யாரும் எங்களுக்குத் தீர்த்துவைக்கவில்லை.

உலகின் முதல் செய்திக் குறிப்பு என்று பாடத்தில் பெரும்பாலும் சொல்லப்படுவது 1906 அக்டோபரில் அமெரிக்க மக்கள் தொடர்பாளர் ஐவி லீ எழுதியது. அட்லாண்டிக் சிட்டி அருகே பென்சில்வேனியா ரயில்வேயின் ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீரில் விழுந்து ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் காலத்தில் ரயில் நிறுவனங்கள் விபத்தென்றால் வாயையே திறக்காது. லீ நடந்ததை எழுதி நிருபர்களிடம் கொடுத்தார், விபத்து நடந்த இடத்துக்கே அவர்களைக் கூட்டிப் போகவும் ஏற்பாடு செய்தார். அப்படித் தொடங்கிய தொழிலில்தான் இன்று "பெருமகிழ்ச்சி அடைகிறேன்" என்று யாரோ ஒருவருக்காக நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வேலை ஒரு கால்பந்து அணியில், மீடியா உதவியாளராக. ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் உடைமாற்றும் அறையிலிருந்து பஸ்ஸுக்குப் போகிற வழியில் மிக்ஸ்டு ஜோன் இருக்கும். இடுப்புயரத் தடுப்பு, அந்தப் பக்கம் நிருபர்கள், இந்தப் பக்கம் வீரர்கள். வீரர் நிற்கலாம், தலையைக் குனிந்துகொண்டு போயும்விடலாம். நான் அரை அடி பின்னால் நடப்பேன், என் போனிலும் ரெக்கார்டிங் ஓடும். நாளைக்கு "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று பிரச்சினை வந்தால் ஆதாரம் வேண்டுமே.

எங்கள் கேப்டன் நிற்கிற ரகம் இல்லை. "நீயே எழுதிக்கோ தம்பி, எனக்குச் சம்மதம்" என்று மொத்தமாக ஒப்புதல் தந்திருந்தார். அதை நான் சோம்பேறித்தனம் என்று நினைக்கவில்லை. தோற்றுப்போன பத்தாவது நிமிடம் மைக் முன்னால் நிற்பது எல்லோருக்கும் ஆவதில்லை. 2021 பிரெஞ்சு ஓப்பனில் டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா முதல் சுற்றில் ஜெயித்தும் பத்திரிகையாளர் சந்திப்புக்குப் போகவில்லை. 15,000 டாலர் அபராதம் போட்டார்கள், அடுத்த நாளே போட்டியிலிருந்து விலகினார். வாயடைத்து நிற்கிற ஒருவருக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுப்பது ஒரு வகையில் உதவிதான்.

அன்றைக்கு 80-வது நிமிடத்திலேயே மூன்று குறிப்புகள் தயார்: ஜெயித்தால், தோற்றால், சமனில் முடிந்தால். தோற்றோம். "இந்தத் தோல்வியிலிருந்து பாடம் கற்று வலுவாகத் திரும்புவோம்" என்று கேப்டன் கூறியதாக எல்லா ஊடகங்களுக்கும் அனுப்பினேன். அனுப்பிவிட்டு மிக்ஸ்டு ஜோனுக்கு ஓடினால், கேப்டன் நிற்கிறார். அந்த சீசனில் முதல் தடவையாக. "இதுல கத்துக்க ஒண்ணுமில்ல. நாங்க ஓடவே இல்ல, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நிருபர்களின் போன்கள் ஒவ்வொன்றாக அதிர்ந்தன. மூத்த நிருபர் ஒருவர் தடுப்புக்கு மேலே தன் போனை நீட்டினார். என் குறிப்பு. "தம்பி, இதுல பேசுறது எந்தக் கேப்டன்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

கல்லூரியில் பார்த்த ஒரு வீடியோ அன்றிரவு ஞாபகம் வந்தது. 2018 மார்ச், கேப் டவுன் கிரிக்கெட் டெஸ்ட். பந்தைச் சுரண்டியது மண் ஒட்டிய மஞ்சள் டேப் என்று ஆஸ்திரேலிய வீரர் பான்கிராஃப்ட் பத்திரிகையாளர் சந்திப்பில் சொன்னார். அது உப்புத்தாள் என்று சில நாளில் வெளியானது. ஆஸ்திரேலிய வாரியம் சாட்டிய குற்றங்களில், பொதுமக்களைத் திசைதிருப்பும்படி பேசியது தனியாக ஒரு குற்றம். என் விஷயம் அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை, யாரையும் ஏமாற்றும் திட்டமும் இல்லை. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

மறுநாள் கேப்டன் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. குறிப்பைப் படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா நான் இப்படிப் பேச மாட்டேனே" என்றார்.

அப்புறம் முறையை மாற்றினேன். இருபது விநாடி ஆனாலும் பரவாயில்லை, அவர் வாயால் சொல்லி ரெக்கார்ட் செய்துதான் எழுதுவது. வெட்டுவேன், சேர்க்க மாட்டேன். வெட்டுவது மட்டும் யோக்கியமா என்று கேட்டால் பதில் சொல்லச் சிரமம்தான். நடுவரைத் திட்டியதை அப்படியே போட்டால் அபராதம் வரும், அதனால் வெட்டுகிறேன். குறிப்பு இருபது நிமிடம் தாமதமாகப் போவதில் என் மேலாளருக்கு இன்றும் வருத்தம். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு, அதற்குள் அடுத்த ஆட்டத்தின் செய்தி மேலே ஏறிவிடுகிறது.

போன வருடம் கேப்டன் ஓய்வு பெற்றார். விடை அறிக்கைக்காக நாலு நிமிடம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார், நடுவில் அவர் குழந்தை அழும் சத்தத்தோடு. எழுதி ஒப்புதலுக்கு அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் போன் வந்தது.

"'மறக்க முடியாத பயணம்'னு போட்டிருக்கியே, நான் சொன்னேனா?"

பதிவை இரண்டு தடவை முழுசாகக் கேட்டேன். சொல்லவில்லை. எடுத்துவிட்டேன்.