வாசல் கதவு: பட்டறைக் குறிப்புகள்

ஜூன் 4

வாசல் கதவுக்கு மரம் பார்க்க ஆரம்பித்தாயிற்று. பளபளவென்று வேண்டாம், கரடுமுரடாக இருக்க வேண்டும் என்பதில் வீட்டில் இரண்டு கருத்து இல்லை. எது கரடுமுரடு என்பதில்தான் இழுபறி. மனைவிக்குக் கணுவும் வெடிப்பும் கண்ணில் பட வேண்டும். எனக்கு உளித்தடம் தெரிந்தால் போதும்.

ஜூன் 7

பட்டறையில் இரண்டு மாதிரிக் கதவுகள். முதலாவதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறார்கள். மரத்தின் மென்மையான வரிகள் உதிர்ந்துபோய், கெட்டியான வரிகள் மேலே நிற்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விரல் சொல்லிவிடும்.

இரண்டாவது, புதுப் பலகையைச் சங்கிலியால் அடித்து, ஆணியால் குத்தி, கறுப்புச் சாயம் பூசிப் ‘பழசாக்கியது’. புழு ஓட்டைகள் அத்தனையும் ஒரே அளவு, ஒரே ஆழம். எந்தப் புழுவும் இப்படி அளவெடுத்துத் துளைக்காது. எனக்கு இது வேண்டவே வேண்டாம்.

ஜூன் 8

இடித்த கட்டடங்களில் எடுத்த பழைய மரம் பற்றிக் கேட்டேன். தச்சருக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் மூன்று விஷயம் பார்க்கச் சொன்னார்: உள்ளே புதைந்த ஆணி, பழைய பெயின்ட் (அதில் ஈயம் இருக்கலாம், கண்டபடி உரசித் தூசி கிளப்பக் கூடாது), ஓட்டையிலிருந்து புதிதாக மாவு உதிர்கிறதா என்பது. மாவு உதிர்ந்தால் வண்டு இன்னும் உள்ளே குடியிருக்கலாம்.

ஜூன் 12

இன்று முழுக்கக் கட்டுமானப் பேச்சு. அலங்காரத்தைவிட இதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

மரம் ஈரக்காற்றில் அகலவாக்கில் உப்பும், வறட்சியில் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. அதனால் சட்டங்களைத் துளையும் கழுந்துமாக (ஒன்றின் துளையில் மற்றொன்றின் செதுக்கிய முனையைச் செருகி) இறுக்கிவிட்டு, நடுப்பலகையைக் காடியில், அதாவது சட்டத்தின் உள்விளிம்பில் வெட்டிய பள்ளத்தில், பசை இல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அது உள்ளே கொஞ்சம் நகர்ந்துகொள்ளும். பசை போட்டு அடைத்தால் பலகை வெடிக்கும், அல்லது சட்டத்தைப் பிளக்கும்.

அப்புறம் தச்சர் ஒரு நுணுக்கம் சொன்னார். சட்டத்தில் கோப்பதற்கு முன்பே பலகையின் ஓரம்வரை பாலிஷ் அடித்துவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் வறண்ட மாதத்தில் பலகை சுருங்கும்போது, காடியிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு எட்டிப் பார்க்கும். முன்பு வேறோர் இடத்தில் அந்தக் கோட்டைப் பார்த்திருக்கிறேன், காரணம் இன்றுதான் தெரிந்தது.

மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானியைப் பலகை அடுக்கில் வைத்தார்: 18 சதவீதம். வீட்டுக்குள் மரம் பொதுவாக 8 முதல் 12க்குள் நிலைகொள்ளும். சரி, காயட்டும், அவசரமில்லை.

ஜூன் 13

பின்கட்டுக்குப் பலகைக் கதவு. குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே சாய்வுக்கட்டை வரும். அதன் கீழ்முனை கீல் பக்கம், மேல்முனை தாழ்ப்பாள் பக்கம். அப்போதுதான் கதவின் பாரத்தை அது கீலுக்குத் தள்ளும். படங்களில் தலைகீழாகவும் போட்டிருக்கிறார்கள்.

ஜூன் 19

கணக்குப் போட்டேன். 2.1 மீட்டர் உயரம், 1 மீட்டர் அகலம், 45 மில்லிமீட்டர் கனம், தேக்கு என்றால் சுமார் 60 கிலோ. மூன்று கீலாவது வேண்டும். கீலின் திருகாணிகளும் கதவு நிலையைத் தாண்டிச் சுவருக்குள் பிடிக்க வேண்டும். நீளப் பட்டைக் கீல் அழகாகத்தான் இருக்கிறது. சும்மா ஒட்டிவைத்த போலிப் பட்டைக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை.

சிற்ப வேலை பற்றி முடிவாகிவிட்டது. கதவில் இல்லை, நிலையின் மேற்சட்டத்தில் மட்டும். ஆழக் கொத்தினால் தூசி அடையும், வெளிப்பக்கமானால் தண்ணீரும் தங்கும். மனைவி ஒரு கொடி கேட்டாள். ஆழம் குறைவாக, இலைகள் பெரிதாக. கணுவுள்ள பலகைகளும் அவள் தேர்வுதான்.

ஜூன் 26

வார்னிஷா, எண்ணெயா? வார்னிஷ் உரிந்தால் முழுக்கச் சுரண்ட வேண்டும். எண்ணெய் மங்கினால் மேலேயே இன்னொரு கை பூசலாம். ஆளிவிதை எண்ணெய் என்று முடிவு. துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவைக்க வேண்டும்; குவித்து வைத்தால் தானே சூடேறித் தீப்பற்றலாம்.

ஆர்டர் தாளில் கடைசி வரியை நானே எழுதினேன்: கதவின் மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் மாட்டுவதற்கு முன்பே எண்ணெய் பூச வேண்டும். மரம் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது அந்த வெட்டுமுனைகள் வழியாகத்தான். தச்சர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.